உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் பாசி தொல்லையா? மருந்து வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

தொட்டி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று திருவிழா மாதிரி இருக்கும். நீல வெளிச்சம், வெள்ளை மணல், குழந்தைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் இரண்டு க்ளவுன் மீன்கள். மூன்றாவது வாரம், மணல் மேல் டீத்தூள் கொட்டினது போல ஒரு படலம். இரண்டாவது மாதம், கல்லெல்லாம் பச்சை முடி. அதற்கும் மேல், சிவப்பாக வழுவழுவென்று ஒரு போர்வை.

கடையில் போய்க் கேட்டால் ஒரு பாட்டில் மருந்து கைக்கு வரும். ஊற்றிய மறுநாள் பார்த்தால் பாசி அப்படியே இருக்கும், நத்தை செத்துக் கிடக்கும். ஆசை ஆசையாக உப்புத் தண்ணீர் தொட்டி வைத்து, ஒரே வருஷத்தில் அதை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்ட பலரின் கதை ஏறக்குறைய இதுதான்.

உண்மையில் பாசி வருவது நோய் இல்லை. தொட்டிக்குள் சாப்பாடு மிச்சம் இருக்கிறது, அதைச் சாப்பிட ஆள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாப்பாடு எங்கிருந்து வருது என்று கண்டுபிடிக்காமல் தேய்ப்பதும் மருந்து ஊற்றுவதும் வீண் வேலை.

கடலில் இல்லாத தொல்லை தொட்டியில் ஏன்?

பவளப்பாறை இருக்கும் கடல் பார்க்கத்தான் செழிப்பு. அந்தத் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் மிக மிகக் குறைவு. அதனால்தான் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. அப்படியே கொஞ்சம் பாசி முளைத்தாலும் மேய்வதற்கு மீன், நத்தை, கடல் முள்ளெலி என்று ஒரு பட்டாளமே காத்திருக்கும்.

அந்தப் பட்டாளம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கடலிலேயே சாட்சி இருக்கிறது. 1983-84-இல் கரீபியன் கடலில் ‘டயடிமா’ என்ற நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயால் கொத்துக் கொத்தாக மடிந்தன. பாசியை மேயும் மீன்களை அதற்கு முன்பே மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். புயலும் அடித்தது. விளைவு? ஜமைக்காவில் 1970-களின் இறுதியில் பாறைகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிருள்ள பவளம், 1990-களின் தொடக்கத்தில் சுமார் 3 சதவீதமாகச் சுருங்கியது. அந்த இடத்தை எல்லாம் பாசி பிடித்துக்கொண்டது.

ஒரு பெருங்கடலுக்கே இந்த நிலைமை என்றால், ஹாலில் இருக்கும் 100 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? அதில் மேய ஆள் குறைவு, சாப்பாடு அதிகம், வெளிச்சமும் தினமும் உண்டு. பாசிக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் யார் வந்திருப்பது என்று பாருங்கள்

எல்லாவற்றையும் ‘பாசி’ என்று ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் முதல் தப்பு. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றை வளர்த்துவிடும்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் படியும் பழுப்புத் தூள், டயாட்டம். விரலால் தடவினால் தூசி மாதிரி வந்துவிடும். தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டை வைத்து அது தன் ஓட்டைக் கட்டுகிறது. சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகவே குறையும். இதற்குப் பயந்து மருந்து வாங்க வேண்டியதில்லை. சும்மா விட்டாலே போகும். மாதக்கணக்கில் போகவில்லை என்றால் மட்டும், ஊற்றும் தண்ணீரைச் சந்தேகப்படணும்.

கல்லில் பச்சை முடி போல அசைவது முடிப்பாசி. நைட்ரேட், பாஸ்பேட் கூடிப்போனதற்கான நேரடி அறிகுறி இது. அதிலேயே இறகு மாதிரி, தென்னங்கீற்றைச் சின்னதாக்கினது போல இருந்தால் அது பிரையாப்சிஸ். பெரும்பாலான மீன்களும் நத்தைகளும் அதைத் தொடாது. பிடுங்கினாலும் வேரிலிருந்து திரும்ப வரும்.

பச்சைக் கண்ணாடி கோலி போல உருண்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது குமிழ்ப்பாசி. அதைத் தொட்டிக்குள்ளேயே உடைக்காமல், கல்லை வெளியே எடுத்து அடியோடு நெம்பி எடுப்பது நல்லது. எமரால்டு நண்டு இதைச் சாப்பிடும். சில நண்டு சாப்பிடாது. அது அந்த நண்டின் மனசைப் பொறுத்தது.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பில், பாய் விரித்தது போல மணலை மூடி, மேலே காற்றுக் குமிழி தெரிந்தால் அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். தூக்கினால் தோல் உரிவது போல மொத்தமாக வரும். தண்ணீர் ஓட்டம் குறைவாக இருக்கும் மூலை, அடியில் சேரும் அழுக்கு ஆகியவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். சில வகைகள் காற்றில் இருக்கும் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும் என்பதால், நைட்ரேட் இல்லாத தொட்டியிலும் இது தழைக்கும்.

கடைசியாக ஒன்று. பழுப்பு நிறத்தில், சளி போல நூல் நூலாகத் தொங்கும். நுனியில் குமிழி இருக்கும். பகலில் அடர்த்தியாகி, இரவில் குறைந்து, காலையில் திரும்பவும் வரும். இதுதான் டைனோஃப்ளாஜெல்லேட். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘டைனோ’ என்பார்கள். 2019 ஆகஸ்ட்டில் திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக மின்னியதை நள்ளிரவில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோமே, அந்த நாக்டிலூகாவும் இதே பெரிய வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் தொட்டிக்கு வரும் டைனோ அவ்வளவு அழகானது இல்லை. சில வகைகள் விஷம் உள்ளவை. மேய்ந்த நத்தை செத்துவிழும்.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். டைனோ செல்கள் நகரும், சுழலும். டயாட்டம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும், அல்லது மெல்ல நழுவும். சயனோ நூல் நூலாகத் தெரியும்.

கல்லில் ரோஸ், ஊதா நிறத்தில் பெயின்ட் அடித்தது போலப் படிவதும் பாசிதான். ஆனால் அது கோரலைன், நல்ல பாசி. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்களும் உண்டு.

ஒரு கிராம் தீனி போட்டால் என்ன ஆகுது?

இங்கேதான் கணக்கு போடணும். கடல் மீன்களுக்கான உலர் தீனியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிராம் தீனி என்றால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதை பாஸ்பேட்டாக மாற்றிப் பார்த்தால் சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் அது முழுவதும் கரைந்தால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்.

பவளம் வளர்க்கும் தொட்டியில் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அதாவது ஒரே ஒரு கிராம், குறைந்த அளவைப் போல பத்து மடங்கு. எல்லாமே தண்ணீரில் கரைந்துவிடாது. மீன் கொஞ்சம் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும். ஆனாலும் தினமும் போடுகிறோமே!

வீட்டில் தாத்தா காலையில் ஒரு சிட்டிகை, பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு சிட்டிகை, இரவு அப்பா ஒரு சிட்டிகை. யாரும் அதிகம் போடவில்லை, ஆனால் மீன் மூன்று வேளை விருந்து சாப்பிட்டிருக்கும். பாதிப் பாசி பிரச்சனை இங்கேயே தீரும். தீனி டப்பா ஒருவர் கையில் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். உறைந்த இறால் தீனியை உருக வைத்து, அந்த உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் போடுவது பலரின் வழக்கம். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் தீனியிலேயே இருக்கும் பாஸ்பரஸோடு ஒப்பிட்டால், அந்தத் தண்ணீரில் போவது சொற்பம்தான்.

‘ஆர்.ஓ. தண்ணிதானே ஊத்துறோம்?’

சென்னை, கோவை என்று எங்கே கேட்டாலும் வரும் பதில் இது. சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரைத்தான் தொட்டியிலும் ஊற்றுகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கு.

குடிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காகவும் தாதுக்காகவும், வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் அது கலக்கும். சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்க தனிக் குப்பியே உண்டு. மனிதருக்கு நல்லது. ஆனால் போர்வெல் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்த வழியாகவே தொட்டிக்கும் வந்துவிடும். 20 லிட்டர் கேன் தண்ணீரும் இதே கதைதான். குடிக்கச் சுத்தம் என்பது வேறு, தொட்டிக்குச் சுத்தம் என்பது வேறு.

பேனா அளவில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை அந்தத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 60, 80 என்று காட்டினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கடல்நீர் தொட்டிக்கு ஊற்றும் நன்னீர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அதற்கு ஆர்.ஓ.-வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் நிரப்பிய ஒரு குழாய் தேவை. மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போட்டால் பிரச்சனை வேரிலேயே குறையும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பும் மற்றதும் உள்ளேயே தங்கும். நம்ம ஊர் வெயிலில் மூடி இல்லாத 100 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டருக்கு மேல் கூட ஆவியாகும். அந்த ஒரு லிட்டரை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், ஒரு மாதத்தில் 300 மில்லிகிராம் உள்ளே சேர்ந்திருக்கும். மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஏறியிருக்கும்.

கடற்கரையிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். கடல் நீர்தானே, இலவசம்தானே என்று தோன்றும். ஆனால் சென்னையில் கூவமும் அடையாறும் எதைக் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கின்றன என்பது ஊருக்கே தெரியும். கரையோரத் தண்ணீர் பவளப்பாறைத் தண்ணீர் ஆகாது. அதை நம்புவதை விட, பாக்கெட் உப்பைச் சுத்தமான தண்ணீரில் கரைப்பது மேல்.

டெஸ்ட் கிட் ‘ஜீரோ’ காட்டுது, ஆனா தொட்டி முழுக்கப் பாசி!

இது பலரைக் குழப்பும் இடம். நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம். அப்புறம் எப்படிப் பாசி? பதில் எளிது. சத்து தண்ணீரில் இல்லை, பாசியின் உடம்புக்குள் இருக்கிறது. வருவதை எல்லாம் வந்த வேகத்தில் அது சாப்பிட்டுவிடுகிறது. டெஸ்ட் கிட் அளப்பது மிச்சத்தை மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தொட்டியில் இருக்கும் கல்லும் மணலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் அதில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறையும்போது மெல்ல மெல்ல வெளியே விடும். பழைய தொட்டியிலிருந்து வாங்கிய கல்லைப் போட்டவர்கள் மாதக்கணக்கில் பாசியோடு போராடுவது இதனால்தான்.

அப்படியானால் பூஜ்ஜியம் ஆகும்வரை எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிடலாமா? அதுதான் அடுத்த ஆபத்து. பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை அளவுக்கு மீறிப் போட்டு, இரண்டு அளவையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோன தொட்டிகளில்தான் டைனோ அடிக்கடி வருகிறது. மற்ற பாசிகளும் நல்ல நுண்ணுயிர்களும் பட்டினியில் ஒடுங்க, காலியான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முடிப்பாசியை விரட்டப் போய் டைனோவை வரவழைத்தவர்கள் ஏராளம். பவளமும் வெளுத்துப்போகும்.

அதனால் டைனோ வந்த தொட்டியில் வைத்தியம் தலைகீழ். தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி, தீனியைச் சற்றுக் கூட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏற வைப்பார்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.1-க்குப் பக்கம். இரவில் தண்ணீரில் மிதக்கும் வகையாக இருந்தால் புற ஊதா விளக்குக் கருவி நன்றாக வேலை செய்யும். மணலுக்குள்ளேயே ஒளியும் ஆம்ஃபிடினியம் வகைக்கு அந்தக் கருவி பெரிதாக உதவாது. நுண்ணோக்கி தேவை என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்?

முடிப்பாசி என்று உறுதியானால், முதல் வேலை கையால் பிடுங்குவது. பழைய வைத்தியம்தான், ஆனால் இதை மிஞ்சியது இல்லை. பிடுங்கிய பாசியோடு அது சேர்த்து வைத்த சத்தும் வெளியே போய்விடுகிறது. ஒரு சின்ன டியூப்பால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே பிடுங்கினால், துண்டுகள் பரவாது. டியூப்பின் மறுமுனையில் துணிப்பை கட்டிவிட்டால், பாசி பையில் தங்கும், தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் மாற்றுவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நைட்ரேட் 40 இருக்கும் தொட்டியில் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 36 ஆகும், அவ்வளவே. நான்கு வாரம் விடாமல் செய்தாலும், புதிதாக எதுவும் சேராவிட்டால்தான் 26-க்கு வரும். தீனி குறையாமல் தண்ணீரை மட்டும் மாற்றுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

வெளிச்சத்தை எட்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். ஜன்னல் வெயில் விழும் இடத்தில் தொட்டி இருந்தால், திரைச்சீலை போடுங்கள். டைமர் வைத்தால் மறதி இல்லை. சயனோவுக்கும் டைனோவுக்கும் மூன்று நாள் முழு இருட்டு என்பது பலர் செய்யும் வழி. தொட்டியைப் போர்வையால் மூடிவிடுவார்கள். பாசி ஒரேயடியாகச் சாகும்போது ஆக்சிஜன் குறையும், அம்மோனியா ஏறும். அதனால் அந்த மூன்று நாளும் காற்று பம்ப் ஓட வேண்டும். மின்வெட்டு இருக்கும் பகுதி என்றால், பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

சயனோவுக்கு இருட்டை விட ஓட்டம் முக்கியம். பவர்ஹெட்டைத் திருப்பி, அழுக்கு தேங்கும் மூலையைப் பார்த்து வையுங்கள். சில தொட்டிகளில் அது ஒன்றே போதுமானதாக இருக்கும்.

இடம் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, பாசியைப் பாசியாலேயே மடக்குவது. தொட்டிக்குக் கீழே தனிப் பெட்டியில், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் போல இருக்கும் கீட்டோமார்ஃபா பாசியை விளக்கு போட்டு வளர்ப்பார்கள். சத்தை அது எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி வெட்டி வெளியே போட்டால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடவே போகும்.

நத்தை, மீன் வாங்கி விட்டால் போதுமா?

உதவும், ஆனால் முழுத் தீர்வு இல்லை. நத்தை பாசியைத் தின்னும், கழிவாக அதே சத்தைத் திரும்ப தண்ணீரில் விடும். அதனால் மேய்கிற ஆளோடு, கழிவை வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மரும் வேண்டும்.

ட்ரோகஸ், டர்போ நத்தைகள் நல்ல உழைப்பாளிகள். டர்போ பெரிசு, போகும் வழியில் ஒட்டாத பவளத்தைத் தள்ளிவிடும். அஸ்ட்ரியா நத்தை கவிழ்ந்தால் தானாக நிமிராது, யாராவது நிமிர்த்தணும். கடல் முயல் முடிப்பாசியை வெறித்தனமாகத் தின்னும். பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும், பயந்தால் மை விடும். அதை நண்பர்களிடையே கைமாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். டேங் மீன் பாசி தின்னும் என்று கடையில் சொல்வது உண்மை. ஆனால் அதற்கு நீந்த ஆறடித் தொட்டியாவது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். இரண்டடித் தொட்டியில் டேங் விடுவது பாசிக்குத் தீர்வு இல்லை, மீனுக்குச் சிறை.

மருந்தே கூடாதா?

கடைசியில்தான். நன்னீர் தொட்டிக்கான பாசி மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும். நத்தை, இறால், பவளம் எதுவும் அதைத் தாங்காது. கல்லும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பின்னால் புதிதாக விடும் இறாலும் சாகலாம். லேபிளில் தாமிரம் என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பிரையாப்சிஸுக்கு மட்டும், மனிதர்களுக்குத் தரும் பூஞ்சைக் கொல்லி மருந்தான ஃப்ளூகோனசோலை லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் கணக்கில் மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். கார்பன் வடிகட்டியை அதுவரை எடுத்துவிடுவார்கள். பாசி கரையும்போது சத்து மொத்தமும் தண்ணீருக்கு வரும் என்பதால், முதலில் முடிந்தவரை பிடுங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். சயனோவுக்கான மருந்துகளும் இதே மாதிரிதான். வேலை செய்யும், காரணம் அப்படியே இருந்தால் திரும்ப வரும்.

கல்லை வெந்நீரில் போடாதீர்கள்

பாசி போகலை என்று கோபத்தில் கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யக் கூடாத ஒரே வேலை இதுதான். சோயாந்திட், பாலிதோவா என்று பொத்தான் போல ஒட்டியிருக்கும் சில மெல்லுடல் பவளங்களில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. கல்லைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீரில் தேய்த்தாலோ, பிரஷர் தண்ணீர் அடித்தாலோ நீராவியோடும் சாரலோடும் மூச்சுக்குள் போகும்.

2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது இப்படித்தான் நடந்தது. குடும்பத்தோடு, உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வெறும் தொட்டி கழுவப்போய்!

விஷ டைனோவும் சாதாரணம் இல்லை. 2005-இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை பெருகியபோது, அலைச் சாரலைச் சுவாசித்த சுமார் 200 பேருக்கு காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தது.

தொட்டிக்குள் கை விடும்போது கையுறை, கல்லைத் தேய்க்கும்போது கண்ணாடி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். தேய்ப்பதைத் தண்ணீருக்குள்ளேயே, குளிர்ந்த நீரிலேயே செய்யுங்கள். டியூப்பை வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடலாம். தொட்டி வேலைக்குப் பிறகு காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வாயில் உலோகச் சுவை தெரிந்தால், மருத்துவரிடம் ‘பவளத்தொட்டி கழுவினேன்’ என்று சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைப்பார்.

புதுக் கல்லுக்கு ராமேஸ்வரம் போகலாமா?

பழைய கல்லை எறிந்துவிட்டு, மன்னார் வளைகுடா பக்கமிருந்து இரண்டு பவளக்கல் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கியதுதானே என்பதும் செல்லாது. பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை. கடல் குதிரை, கடல் அட்டை, பெரிய கிளிஞ்சல் எல்லாம் இதே கணக்குதான். செயற்கையாக வார்த்த கல், அல்லது சுரங்கத்திலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கல் கடைகளில் கிடைக்கிறது. அதில் பாசி விதையும் ஒட்டி வராது.

பிடுங்கிய பாசியை எங்கே போடுவது?

கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால், வாளியோடு கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற அழகான பச்சைப் பாசி மீன் காட்சியகங்களில் அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்டது. 1984-இல் மொனாக்கோ அருகே மத்திய தரைக்கடலில் சின்னத் திட்டாகத் தென்பட்டது. பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடல் தரையில் பரவிவிட்டது. 2000-இல் அதே பாசி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழிக்க ஆறு வருஷமும் 70 லட்சம் டாலருக்கு மேலும் ஆனது.

நம்ம பக்கமும் இதற்கு விலக்கில்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது மீன் தொட்டியிலிருந்து போனது இல்லை. ஆனால் பிடுங்கிய ஒரு துண்டிலிருந்தே முளைக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு.

பிடுங்கிய பாசியை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, குப்பையில் போடுங்கள். உப்பு நன்றாகப் போயிருந்தால் தென்னைக்கு உரமாகவும் போடலாம். தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். செடித் தொட்டியில் ஊற்றினால் அடுத்த வாரம் செடி இருக்காது.